நியூயார்க் நகரப் பள்ளி பட்ஜெட்: கணக்கு இருக்கிறது, காரணம் எங்கே?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரம் தன் அரசுப் பள்ளிகளின் வரவு செலவு பற்றி இணையத்தில் தரும் சேவைக்கு நான் ஐந்துக்கு மூன்று தருவேன். தகவல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் நாலரை தரலாம். அதைப் படித்து, தன் பிள்ளையின் பள்ளியில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு அம்மாவோ அப்பாவோ புரிந்துகொள்ள முடியுமா என்று பார்த்தால் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

நான் குவீன்ஸில் இருக்கிறேன். மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். அந்தப் பள்ளியின் தலைமைக் குழுவில் நான் பெற்றோர் தரப்பு உறுப்பினர். நாள் முழுவதும் எண்களோடு இருப்பவள் என்பதால் பட்ஜெட் பக்கங்களைத் திறந்தால் எனக்குப் பயம் வராது. மற்ற பெற்றோர்கள் அப்படியில்லை. அவர்கள் கேட்கும் கேள்விக்கு இந்தப் பக்கங்கள் பதில் சொல்கின்றனவா என்பதுதான் என் அளவுகோல்.

அந்தக் கேள்வியைக் கொடுத்தது என் மகளின் வகுப்புத் தோழியின் அம்மா, மதுரைக்காரர். வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது கேட்டார்: "அக்கா, போன வருஷம் இருந்த மியூசிக் டீச்சர் இந்த வருஷம் ஏன் இல்லை? பணம் இல்லைன்னு சொல்றாங்க. எந்தப் பணம் இல்லை?" நல்ல கேள்வி. இதையே கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தேன்.

இந்த நகரத்தின் பள்ளி அமைப்பு எவ்வளவு பெரியது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலேயே பெரிய பள்ளி மாவட்டம் இது. ஏறக்குறைய 1,600 பள்ளிகள், 9 லட்சம் மாணவர்கள். 2002 முதல் மேயரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கும். ஜனவரியில் மேயர் முதல் வரைவை வைப்பார், வசந்த காலத்தில் திருத்திய வரைவு வரும், ஜூன் முடிவதற்குள் நகர மன்றம் நிறைவேற்றும். இவ்வளவு பெரிய அமைப்பில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகக் கணக்கு வெளியிடுகிறார்கள் என்பதே பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பெற்றோர் முதலில் போய்ச் சேரும் இடம் கேலக்ஸி. பிரின்சிபால்கள் தங்கள் பள்ளியின் பணத்தைப் பங்கிடப் பயன்படுத்தும் கணினி அமைப்பின் பெயர் அது. அதன் சுருக்கத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம். பள்ளியின் பெயரையோ எண்ணையோ கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் தலைப்பு, வலது பக்கம் தொகை. கடவுச்சொல் கிடையாது, மனு கிடையாது, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. யார் பிள்ளை படிக்கும் பள்ளியானாலும் நொடியில் பார்த்துவிடலாம். இதற்காகவே ஒரு நட்சத்திரம் தந்துவிட்டேன்.

சிக்கல் அந்தத் தலைப்புகளில் ஆரம்பிக்கிறது. வரிசையாக டிஎல், டிஎல், டிஎல் என்று வரும். டிஎல் என்பது வரிப் பணம்; நகரத்தின் வரியோடு, குறிப்பிட்ட நோக்கம் எதுவும் கட்டப்படாமல் மாநிலம் தரும் உதவியும் அதற்குள்ளேயே இருக்கிறது. என்ஒய்எஸ்டிஎல் என்றால் மாநிலத்தின் பாடநூல் சட்டப்படி வரும் புத்தகப் பணம். டைட்டில் ஒன் எஸ்டபிள்யூபி என்றால் வறுமை விகிதம் பார்த்து மத்திய அரசு தரும் பணம், பள்ளி முழுவதற்கும் செலவழிக்கலாம் என்ற வகை. கான்ட்ராக்ட் ஃபார் எக்ஸலன்ஸ் என்று ஒரு தலைப்பு இருந்தால், அதன் பின்னால் 1993இல் தொடங்கி 2006 வரை நடந்த ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. நியூயார்க் நகரப் பிள்ளைகளுக்கு மாநிலம் போதிய பணம் தரவில்லை என்று பெற்றோர்கள் தொடுத்த வழக்கு அது. 2007இல் மாநிலம் தன் நிதி முறையை மாற்றியபோது, கூடுதல் பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது இந்தத் தலைப்பு. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பட்டியலைப் பார்ப்பவருக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. தலைப்பைத் தொட்டால் இரண்டு வரி விளக்கம் வருகிற மாதிரி செய்வது இந்தக் காலத்தில் கஷ்டமான வேலையா?

விளக்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நிதித் தலைப்புக்கும் கல்வித் துறை தனிச் சுற்றறிக்கை வெளியிடுகிறது. ஸ்கூல் அலோகேஷன் மெமோரண்டம் என்று பெயர், வாய்வழக்கில் சாம். எந்தப் பள்ளிக்கு எந்த விதிப்படி எவ்வளவு, அதை எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருக்கும். நான் இவற்றை விரும்பிப் படிப்பேன். நன்றாக எழுதப்பட்ட ஆவணங்கள் இவை, மழுப்பல் இல்லை. ஆனால் பிரின்சிபாலுக்கும் பட்ஜெட் அலுவலருக்கும் எழுதப்பட்டவை. கேலக்ஸி பட்டியலின் வரியிலிருந்து அதற்குரிய சாமுக்கு நேரே போக வழி வேண்டும். அது இல்லாததால், இரண்டும் ஒன்றையொன்று பற்றியவை என்றே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாமல் போகிறது.

சரி, மியூசிக் டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் இசை என்றோ கலை என்றோ அந்தச் சம்பளத்துக்கான தலைப்பைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1997இல் பிராஜெக்ட் ஆர்ட்ஸ் என்று கலைக் கல்விக்கென ஒதுக்கிய தனிப் பணம் இந்த நகரத்தில் இருந்தது. அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. 2007இல் பள்ளி நிதி முறையையே மாற்றியபோது அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டது. பிரின்சிபால் விரும்பியபடி செலவழிக்கலாம் என்றாகிவிட்டது. பிரின்சிபால் கையில் அதிகாரம் வந்தது நல்லதுதான். ஆனால் கலைக்கு என்று தனியாகத் தெரிந்த வரி பொதுப் பணத்துக்குள் கரைந்தது. அதே காலத்தில் தொடங்கி, பள்ளிகளில் கலைக் கல்வி எப்படி நடக்கிறது என்று துறை ஆண்டுதோறும் ஓர் அறிக்கையும் வெளியிட்டு வருகிறது. கலை ஆசிரியர்களைப் பற்றிய தகவல் அங்கே, பணம் பற்றிய தகவல் இங்கே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை பெற்றோர் தலையில் விழுகிறது.

2007இல் வந்த அந்த முறைக்குப் பெயர் ஃபேர் ஸ்டூடன்ட் ஃபண்டிங், சுருக்கமாக எஃப்எஸ்எஃப். பள்ளியின் பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதன் வழியாகத்தான் வருகிறது. அதனால் இதைப் புரிந்துகொண்டால் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி. கருத்து எளிமையானது: பணம் பிள்ளையின் பின்னால் போகட்டும், தேவை அதிகம் உள்ள பிள்ளைக்கு அதிகம் போகட்டும். ஒவ்வொரு பள்ளிக்கும், சிறியதோ பெரியதோ, அடிப்படையாக 2,25,000 டாலர். அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. பிள்ளைக்கேற்ப அந்தத் தொகையைப் பெருக்கும் எண்ணுக்கு எடை என்று பெயர். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு எடை 1.00, நடுநிலைக்கு 1.08, உயர்நிலைக்கு 1.03. படிப்பில் பின்தங்கிய பிள்ளை, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளை, சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளை என்றால் எடை கூடும். 2022இல் ஒரு பணிக்குழு கூடி ஆராய்ந்தது. அடுத்த ஆண்டே, தங்க நிலையான வீடில்லாத பிள்ளைகளுக்கும், தேவை அதிகமுள்ள பிள்ளைகள் ஒரே இடத்தில் நிறைய இருக்கும் பள்ளிகளுக்கும் புது எடைகள் சேர்க்கப்பட்டன.

எந்தக் குடும்பத்துக்கும் பத்து நிமிடத்தில் விளக்கிவிடக்கூடிய விதி இது. இத்தனை வெளிப்படையாக ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு பணம் பிரிப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எத்தனை பிள்ளை, எந்த எடை, பெருக்கினால் எவ்வளவு என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கணக்கு வேலை செய்பவளாகச் சொல்கிறேன், வெளியிலிருந்து ஒருவர் தானே சரிபார்க்க முடிகிற எண்ணைவிட நம்பிக்கை தருவது வேறில்லை.

ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு இரண்டு பக்கம் உண்டு, பெற்றோருக்கு ஒரு பக்கம்தான் சொல்லப்படுகிறது. பணம் எப்படி வருகிறது என்பது முதல் பக்கம். அந்தப் பணம் எவ்வளவு வாங்கும் என்பது மறு பக்கம். ஆசிரியரின் சம்பளம் அவர் அனுபவத்தையும் படிப்பையும் பொறுத்தது, அது ஒப்பந்தப்படி நகரம் முழுவதற்கும் ஒன்று. பள்ளியின் கணக்கில் ஆசிரியர் செலவை எழுதும்போது அந்தப் பள்ளியின் சராசரிச் சம்பளத்தில் எழுதுகிறார்கள். இதன் விளைவைப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, இரண்டு பள்ளிகளுக்கும் ஆசிரியர்களுக்காக 30 லட்சம் டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் நெடுநாள் அனுபவம் உள்ளவர்கள், சராசரி ஒரு லட்சம். அங்கே 30 ஆசிரியர்கள். இன்னொன்றில் இளையவர்கள், சராசரி 85,000. அங்கே 35 பேர். பிள்ளைகளின் எண்ணிக்கையும் எடையும் அச்சாக ஒன்றாகவே இருக்கலாம். ஒரு பள்ளியில் இசைக்கும் ஓவியத்துக்கும் ஆள் இருப்பார், இன்னொன்றில் வகுப்பறைக்கு மட்டும்தான் ஆள் இருப்பார்.

வாசலில் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்கூட இருக்கலாம். ஆசிரியர்கள் யாரும் போகாமல் அப்படியே இருந்து, எல்லோருக்கும் ஒரு வருட அனுபவம் கூடினாலே சராசரி ஏறும். பணம் குறையாமலே ஓர் ஆசிரியர் இடம் போய்விடும். நல்ல ஆசிரியர்கள் நம் பள்ளியில் நிலைத்திருக்கிறார்கள் என்று நாம் சந்தோஷப்படுகிற அதே விஷயம் பட்ஜெட்டில் நெருக்கடியாக வந்து நிற்கும். இது பெற்றோருக்குச் சொல்லப்பட வேண்டிய தகவல். இளைய ஆசிரியர்களை எடுத்தால் மிச்சம் என்று பிரின்சிபாலை யோசிக்க வைக்கிறது என்பது இந்த முறையின் மீது வெகு நாட்களாக உள்ள விமர்சனம். எனக்கும் அதில் உடன்பாடுதான். முறையை மாற்றுவது பெரிய விவாதம். பள்ளியின் சராசரிச் சம்பளத்தையும் நகரச் சராசரியையும் பட்ஜெட் பக்கத்தின் மேலேயே போடுவதற்கு விவாதம் தேவையில்லை.

எண்ணிக்கை குறைவது அடுத்த காரணம். அக்டோபர் 31 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எடுத்து, மதிப்பிட்டதைவிடக் குறைந்தால் பள்ளி பணத்தைத் திருப்பித் தர வேண்டும், கூடினால் கூடுதல் வரும். இதுதான் வழக்கமான விதி; கோவிட் காலத்தில் சில ஆண்டுகள் திருப்பிக் கேட்காமல் விட்டார்கள். செப்டம்பரிலேயே ஆளைப் போட்டு, வகுப்பைப் பிரித்து, நேர அட்டவணை போட்ட பிறகு நடுவில் இந்தக் கணக்கு வந்தால் பள்ளி என்ன செய்யும்? இதைப் பற்றிய சாம் இருக்கிறது. ஆனால் உங்கள் பள்ளிக்கு மதிப்பிட்டது இத்தனை, வந்தது இத்தனை, அதனால் தொகையில் இவ்வளவு மாற்றம் என்று கேலக்ஸி பக்கத்தில் மூன்று எண்ணை வரிசையாகக் காட்டினால் பாதிப் பேரின் சந்தேகம் தீர்ந்துவிடும்.

டைட்டில் ஒன் பணத்திலும் இதே கதை. பள்ளியின் வறுமை விகிதம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் அந்தப் பணம். அந்த வரம்பு போரோவுக்குப் போரோ, அதாவது நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளுக்குள், வேறுபடும். ஒரே மாதிரி இரண்டு பள்ளிகள், ஒன்று இந்தப் போரோவில், ஒன்று அந்தப் போரோவில் இருந்தால் ஒன்றுக்குக் கிடைத்து மற்றதற்குக் கிடைக்காமல் போகலாம். வரம்பை ஒட்டி நிற்கும் பள்ளி ஒரு வருடம் உள்ளே, மறு வருடம் வெளியே. பட்டியலில் அது ஒரு வரி காணாமல் போனதாக மட்டுமே தெரியும். இல்லாத வரியைக் கவனிக்க, போன வருடத்துப் பட்டியலை யாராவது எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அதற்காகவே நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் உங்கள் பள்ளியின் பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். அடுத்த வருடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வேலையை நகரமே செய்து தர வேண்டும் என்பதுதான் என் புகார்.

ஒரே ஒரு முறை மட்டும் வரும் பணம் என்பது இன்னொரு பெரிய விஷயம். கோவிட் நிவாரணமாக நகரப் பள்ளிகளுக்கு மத்திய அரசிடமிருந்து ஏறக்குறைய 700 கோடி டாலர் வந்தது. 2024 செப்டம்பர் இறுதிக்குள் அதை ஒதுக்கி முடித்துவிட வேண்டும் என்பது விதி. அந்தப் பணத்தில் சமூகப் பணியாளர்கள் வந்தார்கள், மூன்று வயதுக் குழந்தைகளுக்கான வகுப்புகள் விரிந்தன. எல்லாமே தொடர்ந்து நடக்க வேண்டிய வேலைகள், பணமோ முடிந்துபோகிற பணம். தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்றாலும் தன் பள்ளியில் இருக்கும் ஆலோசகரின் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது, அது எப்போது தீரும் என்று எத்தனை பெற்றோருக்குத் தெரிந்திருக்கும்? மாதத் தவணை போடும்போது கடன் முடியும் தேதியைப் பார்க்காமல் யாராவது கையெழுத்துப் போடுவோமா? அப்படி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது தொடரும் பணம், இது இன்ன தேதியோடு முடியும் என்று எழுதியிருக்க வேண்டும்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 ஒன்றே போதும். அந்த ஆண்டு மாணவர் எண்ணிக்கை குறைந்ததைக் காரணம் காட்டிப் பள்ளி பட்ஜெட்டுகள் குறைக்கப்பட்டன. குறைப்பு 21.5 கோடி டாலர் என்றது நகர நிர்வாகம். நகரத்தின் நிதியைக் கண்காணிக்கும் அதிகாரியான கம்ப்ட்ரோலரின் அலுவலகம் பள்ளிப் பள்ளியாகக் கூட்டிப் பார்த்து, அதைவிட மிகப் பெரிய தொகையைச் சொன்னது. இரண்டு தரப்பும் பொது ஆவணங்களைத்தான் பார்த்தன. எதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் வேறுபாடு. பட்ஜெட்டை எழுதியவர்களுக்கும் சரிபார்த்தவர்களுக்குமே ஒரே எண் வரவில்லை என்றால், பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த எண்ணை நம்புவார்?

அது நீதிமன்றத்துக்கும் போனது. சட்டப்படி கல்விக் கொள்கைக் குழு என்ற அமைப்பு பள்ளி பட்ஜெட்டின் மீது வாக்களித்த பிறகே நகர மன்றம் நிறைவேற்ற வேண்டும். அந்த வருடம் கல்வித் துறைத் தலைவரின் அவசர அறிவிப்பைக் கொண்டு அந்த வரிசை மாற்றப்பட்டது. முந்தைய பல ஆண்டுகளிலும் இதே வழியில்தான் போயிருந்தார்கள். ஆகஸ்டில் கீழ் நீதிமன்றம் பெற்றோர், ஆசிரியர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நடைமுறை மீறப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது, ஆனால் பட்ஜெட்டைத் திரும்பத் திறக்க மறுத்தது. பள்ளி ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளிப்படைத்தன்மை என்றால் வெளியிடும் தேதியும் அதில் அடக்கம் என்பதை அந்த வழக்கு எல்லோருக்கும் காட்டியது. முடிவெடுத்த பிறகு கையில் கிடைக்கும் நல்ல ஆவணத்தை வைத்துக்கொண்டு பெற்றோர் என்ன செய்ய முடியும்?

நகரத்தின் பெரிய பட்ஜெட் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெற்றோர் அதைத் திறக்க வேண்டியதில்லை. கல்வித் துறையின் பணம் அங்கே சில பெரிய தலைப்புகளில் அடைந்திருக்கும். 401 என்ற ஒரே எண்ணின் கீழ் பொதுக் கல்வியின் சம்பளமாகப் பல நூறு கோடி டாலர். ஒரு திட்டம், ஒரு நோக்கம் என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தின் எண்ணம். இவ்வளவு பெரிய தலைப்பில் அந்த எண்ணம் காணாமல் போய்விடுகிறது. ஓய்வூதியமும் கடன் வட்டியும் கல்வித் துறையின் கணக்குக்கு வெளியே, நகரத்தின் வேறு தலைப்புகளில் இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு செலவு என்று செய்தியில் வரும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம், நான் மனம் நிறைந்து பாராட்டும் இடம் ஒன்று இருக்கிறது: சுயேச்சை பட்ஜெட் அலுவலகம், ஐபிஓ. 1989இல் நகர சாசனத்தைத் திருத்தியபோது உருவாக்கப்பட்டது. வழக்கு நடத்தித்தான் 1996இல் வேலையைத் தொடங்கவே முடிந்தது. மேயரின் கீழும் இல்லை, மன்றத்தின் கீழும் இல்லை. 2009இல் மாநிலச் சட்டம் நகரப் பள்ளிகளின் தகவல்களை ஆராய்ந்து எழுதும் பொறுப்பையும் அதற்குக் கொடுத்தது. அவர்கள் எழுதும் சிறு கட்டுரைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வார்கள், எண்ணைச் சொல்வார்கள், அந்த எண் எங்கே ஏமாற்றும் என்பதையும் சொல்வார்கள். பட்ஜெட் புதிதாகப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் இங்கே ஆரம்பியுங்கள் என்பேன். இவர்கள் எழுதும் மொழியில் கேலக்ஸி பக்கம் பேசினால் என் மதிப்பெண் நாலரைக்குப் போய்விடும்.

கம்ப்ட்ரோலரின் செக்புக் என்ஒய்சி இன்னொரு நல்ல சேவை. 2010இல் வந்தது, 2013இல் அதன் மென்பொருளையே பொதுவில் திறந்து வைத்தார்கள். நகரம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது, எந்த ஒப்பந்தத்தில் என்று தேடலாம். பட்ஜெட் என்பது நினைத்தது, இங்கே தெரிவது கொடுத்தது. அந்த வகையில் இது வேறெங்கும் கிடைக்காத பக்கம். பேருந்து நிறுவனத்துக்கு எவ்வளவு, பாடத்திட்டம் விற்பவருக்கு எவ்வளவு என்று பார்க்க அருமையானது. ஆனால் அது துறை, நிறுவனம், ஒப்பந்தம் வழியாகத் தேட அமைந்தது. என் மகளின் பள்ளி அதில் ஒரு தலைப்பு அல்ல.

மாநிலமும் பள்ளிவாரியாகத் தலைக்குச் செலவு எவ்வளவு என்று வெளியிடுகிறது. 2015ஆம் ஆண்டின் மத்தியக் கல்விச் சட்டம் எல்லா மாநிலங்களையும் இதைச் செய்யச் சொன்னது. நியூயார்க் 2018இல் தனிச் சட்டமும் போட்டது. எண்ணம் மிகச் சரியானது. ஆனால் மைய அலுவலகச் செலவின் பங்கும் அதில் கணக்கில் வருவதால் கேலக்ஸி எண்ணோடு ஒத்துப்போகாது. பள்ளியை அடையாளம் காட்ட மாநிலம் ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது, நகரம் வேறோர் அடையாள எண் வைத்திருக்கிறது. இரண்டையும் இணைக்கும் அட்டவணையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டால்தான் ஒரே பள்ளியைத்தான் பார்க்கிறோமா என்பதே உறுதியாகும். அந்த இரண்டு அடையாள எண்களையும் எல்லாப் பக்கத்திலும் சேர்த்துப் போடுவதற்கு ஒரு மதிய நேரம் போதும்.

மதுரைக்காரத் தோழிக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். கேலக்ஸியில் இந்த வருடத் தொகை, நான் சேமித்த பிடிஎஃப்பில் போன வருடத் தொகை, சாமில் விதி, எல்லாம் எடுத்துக்கொண்டு தலைமைக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். பிரின்சிபால் ஒளிவு மறைவில்லாமல் விளக்கினார். பிள்ளைகள் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள், சராசரிச் சம்பளம் ஏறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஓர் ஆசிரியர் இடத்தை எடுத்துக்கொண்டது. வகுப்பறை ஆசிரியரைக் குறைப்பதா, இசையைக் குறைப்பதா என்று நின்றபோது அவர் வகுப்பறையைத் தேர்ந்தார். நான் வேறு மாதிரி தேர்ந்திருப்பேனோ என்னவோ, ஆனால் காரணம் நேர்மையானது, கேட்டவுடன் புரிந்தது. அந்த நான்கு வாக்கியங்கள் பட்ஜெட் பக்கத்தில் இருந்திருந்தால் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய நேரமும் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே நான் கேட்பது புதுத் தகவல் அல்ல. இருக்கும் தகவலை ஒரு பள்ளிக்கு ஒரு பக்கம் என்று சேர்த்துக் கொடுங்கள். போன வருடம், இந்த வருடம், உண்மையில் செலவானது என்று மூன்று நெடுவரிசை. பிள்ளைகள் எண்ணிக்கை, சராசரிச் சம்பளம் மேலே. முடியப்போகும் பணத்துக்குத் தேதி. பெரிய மாற்றம் எதுவானாலும் பிரின்சிபால் தன் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுத ஓர் இடம். பெங்காலி, உருது உட்படப் பல மொழிகளில் பெற்றோருக்கான தாள்களை மொழிபெயர்க்கும் துறை இது. சுருக்கெழுத்துகளை வைத்துக்கொண்டு எந்த மொழியிலும் மொழிபெயர்க்க முடியாது, வாக்கியங்கள் இருந்தால் முடியும். வகுப்பில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து 2022இல் மாநிலம் போட்ட சட்டம், மூன்றாம் வகுப்பு வரை 20, எட்டு வரை 23, உயர்நிலையில் 25 என்று 2028க்குள் கொண்டுவரச் சொல்கிறது. அதற்கு ஆசிரியர்கள் வேண்டும், அறைகள் வேண்டும், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்வி இனி வருடா வருடம் வரும். அதற்குள்ளாவது இந்தப் பக்கத்தைச் சரிசெய்துவிட வேண்டும்.

அதுவரைக்கும் உங்கள் பள்ளியின் தலைமைக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். அதில் பெற்றோரும் பள்ளி ஊழியர்களும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். பள்ளியின் ஆண்டுத் திட்டத்தை எழுதுவதும், பட்ஜெட் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று 2016 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. தேதியைப் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், மே மாதத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டுப் பணத்தைப் பள்ளி பங்கிடும் வாரங்கள் அதற்கு அப்புறம்தான் தொடங்குகின்றன.